எல்லோருக்கும் ஒரே அலமாரி

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று முக்கோணவியல் ஆரம்பித்துவிட்டது! இந்த ஓர் அத்தியாயத்தின் முகத்தைப் பார்க்க நான் எத்தனை பள்ளி தாண்டி வந்திருக்கிறேன் என்று கணக்கு மிஸ்ஸுக்குத் தெரியாது.

அப்பா ரோடு ரோலர் ஓட்டுகிறார். அம்மா அதே ரோட்டின் முனையில் நின்று சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் காட்டுகிறாள். ரோடு வளர வளர எங்கள் தகர வீடு லாரியில் ஏறும், நாங்களும் ஏறுவோம். ஒரு பள்ளியில் பின்னத்தை முடித்திருப்பார்கள். அடுத்த பள்ளியில் அப்போதுதான் பின்னத்தைத் தொடங்குவார்கள். எனக்குப் பின்னம் மூன்று தடவை. வட்டம் ஒரு தடவைகூட இல்லை.

இந்த அரசு இணைய மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பிறகுதான் ஒரு பாடப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை படித்தேன். இப்போது பத்தாவது. வீடு நகர்ந்தாலும் வகுப்பு நகர்வதில்லை. போதாக்குறைக்கு நான்தான் வகுப்புத் தலைவி.

ஒரே ஒரு விதிதான் வேடிக்கையானது. கேமராவில் எல்லோருக்கும் பின்னால் பள்ளி கொடுத்த புத்தக அலமாரிப் படம்தான் தெரிய வேண்டும். யார் வீடு எப்படி என்று யாருக்கும் தெரியக் கூடாதாம். சமத்துவம் என்பார் ஹெச்.எம். சார். அலமாரியில் சாய்ந்து நிற்கும் நீல அட்டை என்ன புத்தகம் என்று ஒருநாள் பெரிதாக்கிப் பார்த்தேன். அட்டையில் எழுத்தே இல்லை. என்ன ஏமாற்று வேலை!

பிப்ரவரி 6, வியாழன்

கல்வித்துறையிலிருந்து ஓர் அம்மா வகுப்பைப் பார்க்க வந்தார். பள்ளியில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள், அடுத்த ஆண்டுக்கு எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்று முடிவு செய்பவராம். திரையின் மூலையில் கண்ணாடி போட்ட சின்ன முகம்.

நேற்றே ஹெச்.எம். சார் சொல்லிவைத்திருந்தார்: "மேடம் எது கேட்டாலும் குறை சொல்லக் கூடாது. சிரிச்ச முகமா பதில் சொல்லணும். நம்ம பள்ளியோட மானம்."

நாங்களும் மானத்தைக் காப்பாற்றினோம். ஆளுக்கு ஓர் அலமாரி, ஆளுக்கு ஒரு சிரிப்பு. "வீட்ல ஏதாவது சிரமம் இருக்காம்மா?" என்று வரிசையாகக் கேட்டார். "ஒரு குறையும் இல்ல மேடம்." "எல்லா வசதியும் இருக்கு மேடம்." கோழிப் பண்ணையிலிருந்து படிக்கிறவள்கூட அப்படியே சொன்னாள். மைக்கைத் திறந்தாலே பின்னால் கோழிகள் கொக்கரிப்பதால் வகுப்பு முழுக்க அவளுக்குக் கோழி என்றுதான் பெயர். இன்று மட்டும் அந்தக் கோழிகளும் வாயைத் திறக்கவில்லை.

என்னிடம், "உங்க வீட்டுப் பக்கத்துல ஸ்கூல் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு மேடம், ஜன்னல்ல இருந்தே தெரியுது!"

பொய்யில்லை. வயலுக்கு அப்பால் மஞ்சள் கட்டடம், கொடிக்கம்பம். காலையில் மணிகூடக் கேட்கும்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஹெச்.எம். சார் என்னைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். 'தெளிவான பதில்.'

பிப்ரவரி 12, புதன்

தெளிவான பதில்! என் நாக்கை என்ன செய்வது?

கணக்கு மிஸ் பாடத்தை ஆரம்பிக்காமல் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு சொன்னார். அடுத்த ஆண்டு முதல் இந்தப் பள்ளியில் புதுச் சேர்க்கை வேண்டாம் என்று மேடம் கருதுகிறாராம். பத்தாவது முடிக்கிறவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கு மாறிக்கொள்ளலாம். ஏனென்றால் இங்கே படிப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள், குறை ஒன்றும் இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், சிலருக்குப் பள்ளி ஜன்னலிலேயே தெரிகிறது.

ஜன்னலிலேயே தெரிகிறது.

அந்த ஜன்னல் எந்த ஊரில் இருக்கும் என்று அடுத்த மாதம் எனக்கே தெரியாதே! அதை ஏன் அவர் கேட்கவில்லை? சரி, நான் ஏன் சொல்லவில்லை?

"கடைசி முடிவு இன்னும் எடுக்கல," என்றார் மிஸ். "இன்னொரு தடவை வருவாங்க. அது வரைக்கும் சைன் தீட்டாவ விட்றாதீங்க."

விடமாட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

அப்பா கை கழுவும்போதே சொல்லிவிட்டேன். துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"சித்தப்பா வீட்ல இருந்து படி. நல்ல ஸ்கூல் இருக்கு. சித்தி உன்ன நல்லா பாத்துப்பா."

"உங்கள விட்டுட்டா?"

"ரெண்டு வருஷம்தானே கண்ணு."

ரெண்டு வருஷம்தானே! சித்தப்பா வீட்டில் மூன்று பிள்ளைகள், இரண்டு அறை. சித்தி நல்லவள்தான். அதுதான் கஷ்டம், கோபப்படக்கூட முடியாது. அம்மா தட்டை டங்கென்று வைத்தாள்.

நான் போகமாட்டேன். இதை மசியில் எழுதுகிறேன், பென்சிலில் அல்ல.

பிப்ரவரி 17, திங்கள்

மேடம் வரும் திங்களன்று மறுபடி வருகிறார். ஹெச்.எம். சார் என்னைத் தனியாக அழைத்தார். முகம் வாடியிருந்தது. அவர் இந்தப் பள்ளியை ஒற்றை ஆளாகத் தொடங்கியவர் என்று மிஸ் ஒருமுறை சொன்னார்.

"போன தடவை நம்ம பன்முகத்தன்மை அவங்களுக்குத் தெரியாம போச்சு. இந்தத் தடவை ஒரு நிகழ்ச்சி. நீ நல்லா எழுதுவ இல்ல? நாலு பேரோட கதைய உருக்கமா எழுதி வாசி. அந்த டாக்ஸி ஓட்டறவர், காது கேக்காத பொண்ணு, கோழிப் பண்ணைப் பொண்ணு, அப்பறம் நீ. பின்னால மெல்லிசா இசை போட்டுடலாம்."

"அலமாரிப் படம் சார்?"

"அது இருக்கட்டும்மா. ஒழுங்கு முக்கியம்."

பன்முகத்தன்மை என்ற சொல் எனக்குப் பிடிக்கும். பல முகம். முகங்களுக்குப் பின்னால் மட்டும் ஒரே அலமாரியா? இருந்தாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதச் சொன்னால் எனக்குத் தலைகால் புரியாது. முதல் வரி: 'வறுமையின் இருளில் எரியும் நான்கு விளக்குகள்.' நன்றாக வந்திருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

நன்றாக வரவில்லை.

வகுப்பு முடிந்ததும் அந்த மூவரையும் இருக்கச் சொல்லி வாசித்துக் காட்டினேன். விளக்குகள் வரை வந்ததும் கோழி நிறுத்தினாள்.

"ஏன்டி அகராதி, யாருடி வறுமை? எங்க பண்ணைல எத்தனை கோழி இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

அகராதி என்பது நான். படிப்பதற்காக வைத்தார்களா, திமிருக்காக வைத்தார்களா என்று இதுவரை கேட்டதில்லை.

"ஸ்கூல காப்பாத்தணும்லடி..."

"அதுக்கு என்ன மியூசிக் போட்டு அழ வைப்பீங்களா? காலைல ஒன்பது மணிக்கு நான் முட்டை எடுக்கலன்னா உடைஞ்சிடும். கோழிக்கு லீவு கிடையாது. அதனால இங்க படிக்கிறேன். அவ்ளோதான். இதுல விளக்கு எங்க எரியுது?"

டாக்ஸி அண்ணனுக்கு முப்பதைத் தொடும் வயது. ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு வகுப்புக்கு வருவார். எங்களைத் தங்கச்சி என்பார், அல்ஜீப்ராவை மட்டும் வாய்க்கு வந்தபடி திட்டுவார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி, என் கதைய உருக்கமா எழுதினா என் கஸ்டமரே சில்லறை வேணாம்னு சொல்லிடுவாங்க. அது வேணாம்மா."

காது கேளாத பெண்ணை நாங்கள் மின்னல் என்போம், அவ்வளவு வேகமாகத் தட்டச்சு செய்வாள். சாட்டில் விழுந்தது: "என் பழைய ஸ்கூல்ல டீச்சர் போர்டு பக்கம் திரும்பினா உதடு தெரியாது. பாதிப் பாடம் போயிடும். இங்க மிஸ் முகம் எப்பவும் என்னைப் பார்த்தே இருக்கு. அத எழுது. இருள் கிருள் எல்லாம் வெட்டு."

கடைசியில் கோழி என்னைக் குத்தினாள்: "நீ சுலபமா எழுதுவ. நிஜமாவே லைப்ரரி வெச்ச வீட்ல உக்காந்திருக்க. உனக்கு அந்த அலமாரி படமே தேவையில்ல."

நிஜமாவே லைப்ரரி! எனக்குச் சொந்தமாக நான்கு புத்தகம் இருக்கிறது. ஒன்றுக்கு அட்டை இல்லை.

அவளைத் திருத்தாமல் கேமராவை அணைத்தேன். வகுப்பிலேயே எனக்கு மட்டும்தான் அந்த அலமாரி பிடித்திருந்தது என்று இப்போது தெரிகிறது.

பிப்ரவரி 19, புதன்

நான்கு விளக்கையும் கோடு போட்டு அடித்துவிட்டேன். பக்கம் வெறுமையாக இருக்கிறது. பரவாயில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

மதியம் அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். வெயிலில் சிவப்புக் கொடியைப் பிடித்தபடி நின்றாள். எதிரே ஒரு பெரிய கார், உள்ளே இருந்தவர் ஹாரனை விடாமல் அழுத்தினார். தலையை வெளியே நீட்டி, "நான் யாருன்னு தெரியுமா எனக்கு?" என்று கத்தினார். கோபத்தில் அவருக்கே குழம்பிவிட்டது. அம்மா அசையவில்லை.

"நீங்க யாருன்னு உங்களுக்கே தெரியலன்னா நான் என்னங்க செய்யறது? தார் சூடா இருக்கு. நில்லுங்க."

பின்னால் நின்ற லாரிக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

"அம்மா, உனக்கு வெக்கமா இருக்காதா? இப்படி ரோட்ல நின்னு எல்லாரும் பாக்கறாங்கன்னு?"

"பாக்கணும்னுதான்டி நிக்கறேன், கழுதை! பாக்கலன்னா என் மேல ஏத்திட்டுப் போயிடுவாங்க."

பச்சைக் கொடிக்கு மாறினாள். கார் வாலைச் சுருட்டிக்கொண்டு போனது.

பாக்கணும்னுதான் நிக்கறேன். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

மூவரையும் மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தடவை எதையும் வாசிக்கவில்லை. அலமாரியை எடுத்தேன். அவ்வளவுதான். என் பின்னால் தகரச் சுவர், ஆணியில் மூன்று ஹெல்மெட், அப்பாவின் ஆரஞ்சு நிற ஜாக்கெட், நான்கு புத்தகம்.

கோழி முகத்தைத் திரையருகே கொண்டுவந்தாள்: "அடிப்பாவி! நீயாடி அது?"

"நான்தான்டி."

"ரெண்டு வருஷமா உன்ன பணக்காரின்னு நெனச்சு வயிறெரிஞ்சிருக்கேன். வேஸ்ட்டா போச்சே!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் எண்ணத்தைச் சொன்னேன். நிகழ்ச்சி வேண்டாம், இசை வேண்டாம், யாரும் கதை சொல்ல வேண்டாம். அலமாரியை மட்டும் எடுப்போம். கணக்கு வகுப்பு நடக்கட்டும். மேடம் பார்க்கட்டும்.

டாக்ஸி அண்ணன் சரி என்றார். மின்னல் கட்டைவிரலை உயர்த்தினாள். கோழி மட்டும், "நீங்க எடுங்க. எனக்கு மனசு வந்தா எடுக்கறேன். பாவம் பாக்கற கண்ண எனக்குப் பிடிக்காது," என்றாள். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவள் வீடு, அவள் கேமரா.

ஹெச்.எம். சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். வேண்டாம் என்று சொன்ன பிறகு செய்தால்தானே கீழ்ப்படியாமை?

பிப்ரவரி 22, சனி

வீட்டை லாரியில் ஏற்றிவிட்டார்கள்! நாளை மறுநாள் மேடம் வருகிறார், இன்றா? புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் அம்மாவுக்கும் டிரைவருக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து குதிக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புது இடத்தில் சிக்னல் வீட்டின் ஒரு மூலையில்தான் கிடைத்தது. அப்பா ஒன்றும் கேட்காமல் கட்டிலை நகர்த்தி அங்கே மேஜையைப் போட்டுக் கொடுத்தார். வகுப்பு தொடங்கியது. வரிசை வரிசையாக அலமாரி. மேடம் மூலையில் வந்தார். ஹெச்.எம். சார் வரவேற்றுப் பேசி, "இப்போது நம் வகுப்புத் தலைவி உரையாற்றுவார்," என்றார். மெல்லிசை கேட்கத் தொடங்கியது.

"மேடம்," என்றேன். "போன தடவை பக்கத்துல ஸ்கூல் இருக்கான்னு கேட்டீங்க. ஜன்னல்ல தெரியுதுன்னு சொன்னேன். இன்னிக்கும் அதே ஜன்னல்தான். பாருங்க."

அலமாரியை எடுத்துவிட்டு, கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பினேன். மஞ்சள் கட்டடம் இல்லை. மணல் மேடு, பாதி போட்ட ரோடு, அப்பாவின் ரோலர், தூரத்தில் கொடியோடு அம்மா.

"ஸ்கூல் எங்கம்மா?" என்றார் மேடம்.

"அது அங்கயேதான் இருக்கு மேடம். நாங்கதான் வந்துட்டோம். அடுத்த ரோடு எங்கன்னு தெரியாது. இந்த வகுப்பு மட்டும்தான் எங்ககூட லாரில ஏறும்."

ஹெச்.எம். சார் பதறினார். "பேக்ரவுண்ட் போடும்மா! அலமாரிய போடு!"

"இருக்கட்டும் சார்," என்றார் மேடம். "அந்தப் பாட்டையும் நிறுத்திடுங்க."

இசை நின்றது. மின்னலின் அலமாரி மறைந்தது. அவள் அம்மாவின் தையல் கடை. நான்கு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சாட்டில், "இங்க ரொம்பச் சத்தமாம், சொல்றாங்க. நான் நம்பல," என்று எழுதினாள். டாக்ஸி அண்ணன் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். யாரோ கண்ணாடியைத் தட்ட, "கிளாஸ்ல இருக்கேன் சார், பின்னாடி வண்டில ஏறிக்கங்க!" பிறகு ஒவ்வொன்றாக. ஒரு மருத்துவமனைப் படுக்கை. ஒரு படகின் உள்பக்கம். தோளில் தூங்கும் குழந்தையோடு ஓர் அக்கா. நிஜமாகவே வசதியான ஒரு வீடும் இருந்தது. அந்தப் பையன் கூச்சத்தோடு கையசைத்தான். ரெண்டு வருஷம் கூடவே படித்திருக்கிறேன், இவர்களில் பாதிப் பேரை இன்றுதான் பார்க்கிறேன்!

கடைசியில் ஒரே ஓர் அலமாரி மிச்சம். கோழி. அவளை யாரும் கூப்பிடவில்லை. கணக்கு மிஸ் அமைதியாக, "சார், பாடத்தைத் தொடங்கறேன்," என்று சொல்லிவிட்டு ஏற்றக்கோணக் கணக்கு ஒன்றைப் போட்டார். எல்லோரும் குனிந்து எழுதினோம். அப்போதுதான் அது நடந்தது. கோழியின் அலமாரியில், எழுத்தில்லாத அந்த நீலப் புத்தகத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு சிவப்புக் கொண்டை முளைத்தது. பிறகு ஓர் அலகு. உடம்பே இல்லாமல் இரண்டு தட்டுகளுக்கு நடுவே தலை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. மேடம் வாயைப் பொத்திக்கொண்டார், முடியவில்லை, சிரித்துவிட்டார்.

"ச்சீ, போ!" என்று விரட்டிய கோழி, கோபத்தில் அலமாரியையும் சேர்த்துத் தூக்கிவிட்டாள். தீவன மூட்டைகள், முட்டைத் தட்டுகள், அந்தச் சேவல்.

"மேடம், ஒண்ணு சொல்றேன். பாவம் பாக்க வேணாம். கணக்கு விடை வந்திடுச்சு, அதைப் பாருங்க." நோட்டைத் தூக்கிக் காட்டினாள்.

சரியான விடை. எங்களில் முதலில் முடித்தவளும் அவள்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது, அதையும் எழுதிவைக்கிறேன்.

போகும்போது மேடம் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. "நான் இன்னொரு தடவை யோசிக்கணும்," என்றார். என்னிடம் மட்டும், "உரை என்னாச்சும்மா?" என்று கேட்டார்.

"அடிச்சிட்டேன் மேடம்."

பிப்ரவரி 25, செவ்வாய்

தலைவி பதவி போய்விட்டது. "ஒழுங்கு தெரியாதவர் தலைமை தாங்க முடியாது," என்றார் ஹெச்.எம். சார். சரி சார் என்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் வற்புறுத்திக் கேட்கவில்லை.

கோழி சாட்டில்: "வாழ்க முன்னாள் தலைவி."

மார்ச் 28, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. பள்ளி இருக்கும்! புதுச் சேர்க்கை உண்டு. பதினொன்றும் பன்னிரண்டும் இங்கேயே படிக்கலாம். ஆனால் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வயது வரம்பு வைத்திருக்கிறார்கள். டாக்ஸி அண்ணன் தொடரலாம். அவரைப் பார்த்து ஆசைப்பட்டு, பாதியில் விட்ட படிப்பைத் தொடர நினைத்த அவர் மனைவி, எங்கள் அண்ணி, சேர முடியாது.

ஏன்? முப்பது வயதில் முக்கோணத்துக்குக் கோணம் மாறிவிடுமா?

"விடுங்க தங்கச்சி, கிடைச்சத பாப்போம்," என்றார் அண்ணன். விடமாட்டோம். மேடத்திடம் நேரம் கேட்டிருக்கிறோம். இந்தத் தடவை அண்ணியே பேசுவாராம். என்னைவிட நன்றாகப் பேசுவார், அண்ணனே பயப்படுகிறார்.

அப்பாவிடம் முடிவைச் சொன்னேன். "அப்ப சித்தப்பாகிட்ட வரலன்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் போனை எடுத்துவிட்டார். அம்மா தட்டை மெதுவாக வைத்தாள்.

ஜூன் 9, திங்கள்

பதினொன்றாம் வகுப்பு முதல் நாள். ஜன்னலில் இன்று ஒரு பாலம், இன்னும் பெயர் வைக்காதது. அண்ணிக்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி கேட்பார்.

புதிதாகச் சேர்ந்த ஒருத்தி பத்து நிமிடம் கேமராவைத் திறக்கவே இல்லை. மிஸ் பெயர் சொன்னதும் மெல்லிய குரல் மட்டும் வந்தது: "மிஸ், இங்க எல்லாருக்கும் பின்னால புத்தக அலமாரி இருக்கணும்னு கேள்விப்பட்டேன். எனக்கு வரல. அது எங்க இருக்கு?"

நான் மைக்கைத் திறப்பதற்குள் கோழி முந்திக்கொண்டாள்.

"அது ஒடஞ்சு போச்சு. நீ சும்மா வா."

கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது. பிறகு ஒரு சலவைக் கூடம், கொடி கொடியாக வெள்ளைத் துணிகள், அவற்றுக்கு நடுவில் அவள்.

கணக்கு மிஸ் முதல் அத்தியாயத்தைத் திறக்கச் சொன்னார். திறந்தோம்.